இடது கன்னத்து மழை

அக்கா இன்றைக்கும் குடை எடுக்காமல் கிளம்பிவிட்டாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள் கண்ணாடிக்கடைக்காரி. வெளியே சுள்ளென்று வெயில். கடைக்குள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய இடது கன்னத்தில் மட்டும் மழை பெய்தது. எதிரே புது மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார், "அங்க நல்ல மழை போலிருக்கேம்மா" என்றார். "ஆமா சார், காலைலேர்ந்து மூட்டம்தான்" என்று சொல்லிவிட்டு, லென்ஸ் துடைக்கிற துணியாலேயே கன்னத்தை ஒற்றிக்கொண்டாள். வாத்தியார் எழுத்து தெரிகிறதா என்று பார்க்கச் செய்தித்தாளைக் கையில் எடுத்தார். தங்கம் விலை ஏறியிருந்தது.

அவளும் அக்காவும் ஒரே அச்சு. சில நிமிஷம் முந்திக்கொண்டதால் ஒருத்தி அக்கா, அவ்வளவுதான். பதினாறு வயதில் ஸ்டவ் வெடித்துத் தங்கையின் இடது கன்னம் கருகியது. ஒரே கருவில் பிறந்தவர்கள் என்றால் ஒருத்தி தோலை மற்றவள் உடம்பு ஏற்கும் என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா தாவணியை விலக்கிக் கழுத்தைக் காட்டிவிட்டாள். காதுக்குக் கீழே தொடங்கித் தோளெலும்பு வரைக்கும் எடுத்தார்கள். அந்த வார்டில் அதற்கு ஒட்டு என்று பெயர். ஒட்டை வைத்துத் தைத்துவிட்டால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. கீழிருக்கும் சதை புதுத்தோலுக்குள் ரத்தத்தை அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அது கறுத்து உதிர்ந்துவிடும். தினமும் தலைமை நர்ஸ் கட்டைப் பிரித்து விரலால் மெல்ல அழுத்துவார். அழுத்தினால் வெளுக்க வேண்டும், விட்டால் சிவக்க வேண்டும். "ஒட்டு பிடிச்சிருச்சா பாப்போம்" என்பதுதான் அவருடைய காலை வணக்கம். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் தங்கை கதறியதால், கடைசியில் அந்த வேலையை அக்காவிடமே விட்டார்கள். கழுத்தில் பெரிய கட்டோடு கட்டிலோரம் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை ஊதிச் சூடாக்கி, அவள்தான் அழுத்திப் பார்ப்பாள். ஒருநாள், "பிடிச்சிருச்சுடி, இனிமே என் கழுத்துக்கும் சேர்த்து நீதான் பவுடர் போடணும்" என்றாள். தங்கைக்குத் தையல் வலித்தது. ஆனாலும் சிரித்தாள்.

பார்க்க வந்தவர்கள் வழியாக அந்தக் கேள்வி ஊருக்குள் போயிற்று. புதிதாகக் குடிவந்தவர்களைப் பால்காரர் அப்படிக் கேட்டார். மாற்றலாகி வந்த தபால்காரரை மேலதிகாரி கேட்டார். மண்ணில் புதிதாக நட்ட செடி, பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, வீட்டுக்கு வந்த மருமகள் எல்லோருக்கும் ஒட்டு பிடிச்சிருச்சா என்பதே விசாரிப்பு. சில வருஷங்களில் அது எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் நினைவில்லை. கேட்பவர்கள் மட்டும், காரணம் தெரியாமலே, கேட்டு முடித்ததும் ஆள்காட்டி விரலைக் காற்றில் ஒருமுறை அழுத்துவார்கள்.

துறைமுகத்தில் அதிகாரியாக இருந்தவருக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து அம்மா போனில், "என்னடி, ஒட்டு பிடிச்சிருச்சா?" என்று கேட்டாள். "பிடிச்சிருச்சும்மா" என்றாள் அக்கா. அன்று சாயந்திரம்தான் தங்கையின் கன்னத்தில் முதல்முறையாக உப்பு பூத்தது. தோலை எடுத்த இடத்தில் படுவதெல்லாம் வைத்த இடத்துக்கு வந்து சேர்கிறது என்று வீட்டில் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். கடற்காற்று வந்தது, அடுப்புச் சூடு வந்தது, குழந்தை பிறந்த பின் அதன் எச்சில் வந்தது. பால்வாசனையோடு கன்னம் நனைந்திருக்கும்போது அம்மா அதைத் துடைக்க விடமாட்டாள். அப்பா மட்டும் சாப்பிடும்போது மகளின் முகத்தைப் பார்த்து, "உப்பு கொஞ்சம் கம்மி, இந்தப் பக்கம் குனி" என்பார். வீட்டுப் பூனை அவள் மடியை விட்டு இறங்குவதேயில்லை.

அக்காவுக்கும் தெரியும். இங்கே வெயில் கொளுத்துகிறது என்று கேள்விப்பட்டால் அங்கே வேண்டுமென்றே நனைவாள். "ஏண்டி பைத்தியம், குடை இல்லையா?" என்று தங்கை போனில் கத்துவாள். "இருக்கு. அங்க கொதிக்குதாமே, கொஞ்சம் அனுப்பிவச்சேன்" என்று பதில் வரும். இப்படியே இருபத்துச் சொச்சம் வருஷம் போயிற்று. அம்மா போனாள், அப்பா போனார், கடையில் ஃபிரேம்களின் வடிவம் மாறி மாறிப் பழைய வடிவத்துக்கே திரும்பி வந்தது. அக்காவின் வாழ்க்கை முழுவதும் தன் முகத்தில் நடந்ததாகவே தங்கை நினைத்தாள். அதனால்தான் ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காற்று வந்தது, மழை வந்தது, குழந்தையின் மூக்குச்சளிகூட வந்தது. ஒரு ஆணின் கை மட்டும் அந்த இடத்துக்கு வரவேயில்லை. அடிக்கவும் வரவில்லை, தடவவும் வரவில்லை. போனில் எத்தனையோ முறை நாக்கு நுனிவரை வந்த கேள்வியை அவள் விழுங்கினாள். பிடிச்சிருச்சு என்று அம்மாவிடம் சொன்னவளிடம் வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அக்கா காய்ச்சலில் இறந்தாள். கன்னம் நெருப்பாகக் கொதித்து, ஒரு விடியலில் சில்லிட்டது. தந்தி போலச் சுருக்கமாகப் போன் வருவதற்கு முன்பே அவள் குளித்துப் பையைக் கட்டியிருந்தாள். போய் எல்லாம் முடித்துத் திரும்பிய பிறகு, ஒட்டு கறுத்து உதிரும் என்று காத்திருந்தாள். காலையில் கடையைத் திறந்ததும், விற்பனைக்கு வைத்த கண்ணாடிகள் அத்தனையிலும் முகம் பார்த்துக் கன்னத்தை விரலால் அழுத்துவாள். வெளுக்கும். வெகுநேரம் வெளுத்தே இருக்கும். பிறகு, யாரோ தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல, மெல்லச் சிவக்கும். அடுத்த மழைக்காலத்தில் அக்கா இருந்த ஊரில் மழை பிடித்த அன்று, வழக்கம்போல அவள் கன்னம் நனைந்தது. வாத்தியார், "விடாம பெய்யுது போல" என்றார். "ஆமா சார்" என்றாள்.

அவளுக்குத் தலை நரைத்தது, வலது கன்னம் தளர்ந்தது. இடது கன்னம் அக்கா போன வயதிலேயே நின்றுவிட்டது. அப்படியிருக்கும்போதுதான் அத்தான் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்றிருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லாத, சத்தமே போடாத மனிதர். கையில் ஒரு குடை.

"வீட்ட ஒழிச்சேன். இது கிடைச்சது. மடிப்புகூடக் கலையல பாரு" என்றார். "அவ இத ஒரு நாளும் எடுத்துட்டுப் போனதில்ல. ஏன்னு நானும் கேட்டதில்ல."

அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். வெகுநேரம் அவர் அந்தக் கன்னத்தையே பார்த்தார். பிறகு, "தப்பா நினைச்சுக்காதம்மா. ஒட்டு இன்னும் பிடிச்சிருக்கான்னு ஒரே ஒரு தடவை அழுத்திப் பாக்கட்டுமா?" என்றார். ஆள்காட்டி விரல் பாதி நீண்டிருந்தது. அவர் மேல் கோபம் வரும் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கை வர வேண்டிய முகவரி வேறு, அதற்கு நாளும் இருந்தது, வருஷமும் இருந்தது.

"வேண்டாம் அத்தான்" என்றாள். "அவ இப்பத்தான் கண்ணசந்தா."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். கடை அடைக்கும்வரை இருவரும் தணிந்த குரலிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.