டப்பாவில் யாருடைய சளி?

இரண்டாவது பஸ்ஸில் ஏறியபோதுதான் டப்பாவின் மூடி திறந்துகொண்டிருப்பதைப் பள்ளி வேன்காரன் பார்த்தான். மனைவிக்குக் காசநோயா என்று சோதிக்க, காலையில் அவள் இருமி இருமித் துப்பிக் கொடுத்த சளி முழுவதும் பைக்குள் கொட்டியிருந்தது.

அவளே வந்திருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில். சளி வாங்கும் ஜன்னல் திறப்பதோ, தையல் கம்பெனியில் அவள் மிஷின் ஓடும் நேரத்தில். லீவு கேட்டால் சூப்பர்வைசர் எரிந்துவிழுவார். இவனுக்கும் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றும்வரைதான் நேரம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா? அவனுக்கும் கொஞ்ச நாளாய் இருமல். ஒரே வீடு, ஒரே காற்று, யார் சளியாய் இருந்தால் என்ன? ஓரமாய் ஒதுங்கி அதற்குள் காறித் துப்பி, டப்பாவைத் துடைத்து ஜன்னலில் நீட்டிவிட்டான். மகா புத்திசாலி!

அடுத்த வாரம் நர்ஸம்மா மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்தார்.

"காசநோய்தாம்மா. பயப்படாதீங்க, விடாம மாத்திரை போட்டா குணமாயிடும்."

மனைவி அழவில்லை. கணவனைப் பார்த்து, "நல்லவேளைங்க, நீங்க அலைஞ்சு கொடுத்துட்டு வந்தீங்க. இல்லேன்னா உங்களுக்கும் ஒட்டியிருக்கும்" என்றாள்.

 அவன் வாயைத் திறந்தால், நோய் அவனுக்குத்தான் என்று தெரிந்து வேன் சாவி கைவிட்டுப் போகும். திறக்காவிட்டால், தனக்கு நோய் உண்டா இல்லையா என்றே தெரியாமல் இவள் மாத்திரை விழுங்குவாள். அவனோ தூசிக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவே இருமிக்கொண்டே வேன் ஓட்டுவான்.

நர்ஸம்மா மாத்திரையைப் பிரித்தார்.

"அவளுக்குக் கொடுக்காதீங்கம்மா. அது என் சளி."

"என்னங்க உளர்றீங்க?" என்றாள் மனைவி. தலையைக் குனிந்துகொண்டு நடந்ததை எல்லாம் சொன்னான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நல்ல காரியம் பண்ணீங்க போங்க!" என்றார் நர்ஸம்மா. "அந்த ஜன்னலைச் சாயங்காலமும் திறங்கன்னு நாங்களும் கத்திக்கிட்டுதான் இருக்கோம். யார் காதுல விழுது?" மனைவியிடம் புது டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "மூடின இடத்துல உங்ககூட ரொம்ப நேரம் யார் யார் இருந்தாங்க? அவங்களையும் பார்க்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது?

"வேன்ல எனக்குப் பின்னாடி வாயாடி," என்று ஆரம்பித்தான். "அவ பக்கத்துல சோடாபுட்டி. அப்புறம் முன் சீட்டுல, தினமும் தூங்கித் தூங்கி என் மேலயே சாயுற குட்டி..."