சவுட்டு, பிடி, விடு

கோபம் வந்தால் நான் கத்த மாட்டேன். வாயை மூடிக்கொள்வேன். கத்துவதைவிட அதுதான் ஜெனோவுக்கு வலிக்கும் என்று கல்யாணமான புதிதிலேயே கண்டுகொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை குவைத்தில் மங்காஃபிலிருந்து ஃபஹாஹீல் கேரேஜுக்கு அவரோடு பஸ்ஸில் போனபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவருடைய உதவியாள் கார்மேகம் லீவில் ஊருக்குப் போயிருந்தான். பிரேக் பைப்பிலிருந்து காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்து, காற்று வெளியேறும் சின்ன மூக்கான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து வந்தவளைத் தூங்கவும் விடாமல் அதற்குத்தான் கூட்டிப்போனார்.

எங்கள் மகள் ஆன்சிக்கு விசா வந்திருந்தது. கைக்குழந்தையாக அவளை ஊரில், கடியபட்டணத்தில் ஜெனோவின் அக்கா அன்னபாக்கியத்திடம் விட்டுவிட்டு டூட்டிக்குத் திரும்பியவள் நான். இப்போது அவளுக்கு மூன்று வயது. போனில் என்னை ஷாஜினி என்றுதான் கூப்பிடுவாள். அம்மா என்றால் அவளுக்கு என் மைனி அன்னபாக்கியம்தான். போன கிறிஸ்துமஸுக்கு ஜெனோ போயிருந்தபோது அவரோடு மட்டும் ஒட்டிக்கொண்டாளாம். அவர் இல்லாமல் நான் தனியாகப் போய் நின்றால், அக்காவின் சேலையை விட்டு அவள் வரவே மாட்டாள். எனக்கு லீவும் டிக்கெட்டும் தயார். ஜெனோவின் பாஸ்போர்ட் மட்டும் அவருடைய கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, அபூ நாசரின் அலமாரியில் கிடந்தது. கார் முடியட்டும், பிறகு லீவு என்று முதலாளி சொல்லிவிட்டார். விசாவின் கெடுவோ மாத முடிவோடு தீர்கிறது.

அந்தக் கார் அபூ நாசர் வாலிபத்தில் வாங்கிய எழுபதாம் வருடத்து அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, கிளப்பினால் பக்கத்துக் கடை ஷட்டர் ஆடும். எஞ்சின் வேலையெல்லாம் முடிந்து, சாவியைக் கையில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் சும்மா இருந்தாரா? பின்சக்கரத்து டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட வேண்டும் என்று தானாகவே போய் வாயைக் கொடுத்தார். அமெரிக்காவிலிருந்து சாமான் வருவதற்குள் ஒரு மாதம் போய்விட்டது. புதன்கிழமை இது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

கேரேஜில் கார் நான்கு ஸ்டாண்டின் மேல் நின்றது. பின்சக்கரங்கள் இருந்த இடத்தில் இரண்டு புது டிஸ்க்குகள் பளபளத்தன. அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களையும் மாட்டியிருந்தார். நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். அவர் காருக்கு அடியில் போனார்.

"அசர் தொழுகைக்குப் பொறவு முதலாளி வாராரு. அதுக்குள்ள முடிச்சிரணும். சவுட்டு."

மிதித்தேன்.

"பிடிச்சுக்கோ... ம், விடு."

விட்டேன். சவுட்டு, பிடி, விடு. புதன்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான், அதுவும் ஒரு பக்கமாக. பிரேக் ஆயில் பாட்டில் ஒன்று தீர்ந்து அடுத்ததைத் திறந்தார். பெடல் மட்டும் மெத்தையை மிதிப்பதுபோல் தரைவரைக்கும் போய்க்கொண்டே இருந்தது.

"கெட்டியாச்சா?" என்று கீழிருந்து கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். காருக்கு அடியில் கிடப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

"எட்டி, வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"இல்ல."

அவர் குரல் இறங்கிவிட்டது. "லீக் ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாத்தான் கெடக்கு. இன்னைக்கி முடியாதுபோல ஷாஜினி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அங்கே உட்கார்ந்திருக்க மனமில்லாமல் இறங்கிப் பின்பக்கம் போனேன். காலிப்பரின் அடியில் நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் மாட்டிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் வழியாக ஆயில் மட்டும் பாட்டிலுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு குமிழியைக்கூடக் காணோம்.

"இந்த நிப்பிள் எதுக்குக் கீழ கெடக்கு?" என்றேன்.

"எது?"

"ஊசி போடும்போ காத்த எப்பிடி எடுப்போம்? ஊசிய மேல பாக்கப் பிடிச்சு, தட்டிவிட்டுத் தள்ளுவோம். காத்து மேலதான் போவும். நீங்க கீழ ஓட்டைய வச்சுக்கிட்டு வா வான்னா அது வருமா?"

அவர் மெல்ல வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். அந்தக் காலிப்பரைப் பார்த்தார், எதிர்ப்பக்கம் ஓடிப்போய் மற்றதையும் பார்த்தார்.

"லெஃப்டும் ரைட்டும் மாறிப்போச்சு," என்றார்.

நாகர்கோவிலில் பஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகியவர். அங்கே டிரைவர் வலதுபக்கம், இங்கே இடதுபக்கம். பெட்டியைப் பிரித்ததும் 'டிரைவர் பக்கம்' என்று எழுதியிருந்த காலிப்பரை எடுத்து வலதுபக்கம் வைத்திருக்கிறார், மற்றதை இடதுபக்கம். பக்கம் மாறினாலும் இரண்டும் அழகாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கின்றன, நிப்பிள் மட்டும் தலைகீழாக. இத்தனை வருடம் இந்த ஊரில் கார் ஓட்டியும், கீழே குனிந்ததும் கை மட்டும் நாகர்கோவிலுக்குப் போய்விட்டது. நான் சிரித்துவிட்டேன். கோபத்தில் இருக்கும்போது சிரிப்பு வந்தால் என்ன எரிச்சலாக இருக்கும் தெரியுமா?

காலிப்பர்களைப் பக்கம் மாற்றி மாட்டினார். இப்போது நிப்பிள் மேலே. ஏறி மிதித்தேன். குழாய்க்குள் வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள் ஓடின. சவுட்டு, பிடி, விடு. காலுக்கடியில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, கடைசியில் கல்லாக நின்றது.

"கெட்டியாச்சு! கெட்டியாச்சு!" என்று பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படி கத்தினேன்.

அபூ நாசர் அசர் தொழுகை முடிந்ததும் வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். திரும்பி வந்தவர் வாசலில் வேகமாக வந்து பிரேக்கை அழுத்தினார். கார் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடாமல் நேராக நின்றது. இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஜெனோவிடம் கொடுத்தார். பிறகு என்னிடம் தன் உடைந்த இந்தியில் சொன்னார்.

"உன் மகள் வரும் அன்று ஏர்போர்ட்டுக்கு நான் இந்தக் காரில் வருகிறேன் என்று போன மாதமே உன் புருஷனிடம் சொன்னேன். 'மாஃபி பாபா, முடியாது' என்கிறான். பழைய பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறதாம், அந்தப் பிரேக்கோடு தன் பிள்ளையை ஏற்ற மாட்டானாம். என் கார், என்னிடமே சொல்கிறான்!" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அவர் போகும்வரை பொறுத்துக்கொண்டு ஜெனோவைப் பிடித்தேன்.

"இத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பேசினாத்தானே சொல்லுததுக்கு," என்றார், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. அந்தத் துணியைப் பிடுங்கி அவர் முகத்திலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டேன்.

இருவரும் ஊருக்குப் போய்க் கூட்டிவரும்போது ஆன்சி விமானத்தில் பாதி வழி அழுதாள். மைனியைக் கேட்டு அழுதாள், ஜெனோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், என் கை பட்டால் தட்டிவிட்டாள். குவைத்தில் அபூ நாசர் சொன்னபடி காரோடு நின்றார். அந்தக் காரின் உறுமலைக் கேட்டதும் பயந்துபோய், பின்சீட்டில் தனக்குப் பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால், என் மடியில் ஏறிக்கொண்டாள். அப்படியே தூங்கியும்போனாள்.

வழியில் ஒரு சிக்னலில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. அபூ நாசர் பிரேக்கை அழுத்தினார். நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். கார் அசையாமல் நின்றது. முன்சீட்டிலிருந்து ஜெனோ திரும்பினார்.

"முழிச்சிட்டாளா?"

"இல்ல. உறங்குதா."

அடுத்த சிக்னலிலும் திரும்பிப் பார்த்தார். அதற்கடுத்த சிக்னலிலும். மங்காஃபில் எங்கள் பில்டிங் முன்னால் கார் நின்றபோதுதான் ஆன்சி கண்ணைத் திறந்தாள். ஜெனோ கதவைத் திறந்து கையை நீட்டினார். அவள் போகவில்லை. என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"ஷாஜினி, இது நம்ம வீடா?"

"நம்ம வீடுதான் மக்களே," என்றேன்.