கனலியை வெல்லும் ஆறு

கார் ஓய்ந்துவிட்டது, கூதிர்க் குளிர் இன்னும் வந்து அமரவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்ற அந்த நாள்களுக்கு ஓசை குறைவு. பொழிந்து வெறுமையான முகில்கள் வெளுத்துப்போய், செல்லுமிடம் அறியாதவை போலக் கூரைகளின் மேலே நின்றன. வடிகின்ற நீர் தெருவோரத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போயிற்று. கம்பியில் வரிசையாகத் தொங்கிய துளிகள், விழுவதா இருப்பதா என்று எண்ணியெண்ணி, ஒவ்வொன்றாக விழுந்தன. வாடை வரும் திசையில் சன்னல்கள் சாத்தப்பட்டன. உயிர்கள் எல்லாம் தத்தம் கூட்டுக்குள் ஒடுங்கி, தம்மைப் படைத்தவனோடு தனித்திருக்கும் பருவம் அது.

அடுக்குமாடியின் மூன்றாம் தளத்து வீடொன்றில் ஐந்து விரல்களும் அப்படித்தான் ஒடுங்கிக்கொண்டிருந்தன.

விரல்கள் இளையவளுடையவை. கப்பல் பட்டறையில் வெல்டர் அவள். அறுத்த சூடு தணியாத குழாயொன்று சரிந்தபோது, கீழே குனிந்திருந்த கூட்டாளியின் முதுகில் அது விழாதபடி இடக்கையால் தாங்கினாள். கையுறை கருகி, உள்ளங்கை வெந்தது. தொடைத் தோலை எடுத்து அங்கே ஒட்டினார்கள். ஒட்டிய தோலுக்கு ஒரு குணம் உண்டு. தேறும்போது அது சுருங்கும். சுருங்கும்போது விரல்களையும் உள்ளே இழுக்கும். நாள்தோறும் விரித்து நீட்டாவிட்டால் கை மூடிய மொட்டாகவே நின்றுபோகும். வியாழக்கிழமை மருத்துவர் பார்ப்பார். விரல்கள் விரியவில்லையென்றால் தோலை மறுபடி அறுத்துப் பிரிக்க வேண்டியதுதான் என்று அவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதன்பின் அந்தக் கை வெல்டிங் பிடியைப் பிடிக்குமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். மருத்துவர் வாயில் 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று மூத்தவளுக்குத் தெரியும். அவள் அதே மருத்துவமனையின் தீப்புண் பிரிவில் செவிலி.

விரல்களை அசைக்க வைக்க மூத்தவள் கண்ட வழி ஒரு வீடியோ கேம். நால்வர் கூட்டமாக மலை, காடு, கோட்டை என்று சுற்றி, வலிமை கூட்டிக்கொண்டே போகும் நெடுங்கதை அது. முழுவதும் தமிழில் எழுதப்பட்டிருந்தது. சண்டை என்றால் முறை வைத்துத்தான்: நாம் அடித்தபின் எதிரி அடிப்பான், அவன் அடித்தபின் நாம். எதிரியின் முறை வரும்போதெல்லாம் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு உள்ளங்கையை மேசைமேல் விரித்து அழுத்த வேண்டும் என்பது அக்காள் தங்கை ஒப்பந்தம். கனலியைக் காணும்வரை ஒப்பந்தம் பிசகில்லாமல் நடந்தது.

கனலி அருவிக்குப் பின்னே ஒரு குகையில் இருந்தாள். ஆறு கைகள், கைக்கொரு படைக்கலம், தோளில் ஒடிந்து நிற்கும் ஒரு வேல். அந்த வேல் தைத்த புண் கங்கு போல ஒளிர்ந்தது. கதையை முடிக்க அவளைத் தொடவே வேண்டியதில்லை. விரும்பினால் மோதலாம், இல்லையென்றால் அருவியை வேடிக்கை பார்த்துவிட்டு நடையைக் கட்டலாம். நடையைக் கட்டும் பழக்கம் இளையவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. சின்ன வயதில் அவளுக்குத் தீக்குச்சி என்று பெயர். விபத்துக்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் எல்லோரும் கூச்சப்பட்டு விழுங்கியபோது, எனக்கு வெந்தது கைதான், பெயர் இல்லை என்று சண்டை பிடித்துத் திரும்ப வாங்கிக்கொண்டவள் அவள்.

குகை வாசலில் இரண்டு வரிகள் செதுக்கியிருந்தன:

*ஆறும் அறியார் அணுகின் அழிவரே*
*ஆற்று வார்க்கே அகலும் கதவு.*

ஆறு என்றால் ஆறு கைகள் என்று எடுத்துக்கொண்டாள் இளையவள். ஒவ்வொரு கையாக வெட்டினாள். ஒரு கை விழுந்தால் மற்றவை வேகம் கொண்டன. ஆறும் விழுந்த மறுகணம் ஆறும் முளைத்தன. அருவியின் ஆறுதான் குறிப்பு என்று சிலர் இணையத்தில் எழுதியிருக்கக் கண்டு, மந்திரக்காரியை விட்டு வெள்ளத்தை ஏவினாள். வெள்ளம் ஆவியாகித் திரும்பி வந்து அவளுடைய ஆட்களையே வேக வைத்தது. ஒளிரும் புண்ணில் வாளைச் செருகிப் பார்த்தாள். அடி மும்மடங்காக விழுந்தது. கனலியின் கோபமும் மும்மடங்காக ஏறியது. கடைசியில் கன்ட்ரோலர் சோபா மெத்தையில் போய் விழுந்தது. அன்றோடு ஆட்டம் நின்றது. கூடவே கை விரிப்பதும் நின்றது. விரல்கள் தம் போக்கில் உள்ளே திரும்பத் தொடங்கின.

மூத்தவள் அறிவுரை சொல்லவில்லை. அறிவுரையால் விரிந்த விரலை அவள் தன் பணிக்காலத்தில் ஒன்றுகூடக் கண்டதில்லை. ஞாயிறு பகலில் முறைப்பணி இல்லை. துவைத்த துணிகளை மடித்து வைத்துவிட்டு வந்து, கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கவலையின் சாயலே இல்லை.

"இன்னிக்கு இவளை ஒரு வழி பண்ணிடறேன்," என்றாள்.

"நீயா? உனக்கு எந்தப் பட்டன் எதுக்குன்னே தெரியாதே."

"பட்டன் தெரியாது. பேஷன்ட் தெரியும்."

சாய்வு நாற்காலியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அத்தான், அதாவது மூத்தவளின் கணவர், கல்லூரியில் தமிழ் நடத்துபவர். திரையில் அந்த இரண்டு வரிகளைக் கண்டதும் பேனாவை மூடினார். ஆறு என்பது எண். ஆறு என்பது நதி. ஆறு என்பது வழி, நெறி. ஆற்றுவார் என்றால் செய்ய வல்லவர். ஆகவே முறை தெரியாமல் நெருங்குவோர் அழிவர், செய்ய வல்லவருக்கே கதவு திறக்கும் என்று விளக்கத் தொடங்கி, நெறி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு முக்திநெறி வரைக்கும் போய்விட்டார். இளையவள் அவரை நிறுத்தினாள்.

"அத்தான், நீங்க இப்படியே குகை வாசல்ல நின்னு அர்த்தம் சொல்லுங்க. கனலி தானா எழுந்து ஊரை விட்டே போயிடுவா."

"போனா ஜெயிச்ச மாதிரிதானே தீக்குச்சி," என்றார் அவர், சற்றும் கோபப்படாமல்.

மூத்தவளின் காதில் வேறொன்று விழுந்துகொண்டிருந்தது. பிரிவில் நாள் முழுவதும் அவள் வாயில் வரும் சொல் அது. கட்டுப் பிரிக்கும்போது கேட்பார்கள், அவள் சொல்வாள். அவளுக்கு ஆறு எண்ணாகவும் படவில்லை, நதியாகவும் படவில்லை.

"ஏங்க, புண்ணு கூட ஆறும்ல?"

அத்தான் திரையிலிருந்த வரிகளை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு, ஆமாம், ஆற்றுவார் என்றால் தணிப்பவர் என்றும் ஆகும் என்றார்.

மூத்தவள் கூட்டத்தை மாற்றி அமைத்தாள். தொடக்கத்திலிருந்தே கூடாரத்தில் சோறாக்கிக்கொண்டு கிடந்த வைத்தியச்சியை முன்னுக்கு அழைத்தாள். சண்டைக்கு லாயக்கில்லாதவள் என்று இளையவள் ஒதுக்கி வைத்திருந்த ஆள் அவள். கனலி ஒருமுறை மூச்சு விட்டாலே சாம்பல். அதனால் கேடயக்காரன் அவளுக்கு முன்னே நின்று அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்படி நிறுத்தினாள். களிம்பு என்ற வித்தையைத் தேர்ந்தாள். விளையாடுபவர்கள் அதைத் தம் ஆட்களுக்குத்தான் தடவுவார்கள். மூத்தவள் குறியை நகர்த்திக் கனலியின் தோளில் வைத்தாள். விளையாட்டு மறுக்கவில்லை.

இளையவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

களிம்பு பட்டதும் புண் கறுத்தது. கனலி அலறினாள். ஆறு கைகளும் ஒருமுறைக்கு இருமுறை சுழன்றன. கேடயக்காரன் விழுந்தான், வைத்தியச்சி விழுந்தாள், மற்ற இருவரும் அவர்கள்மேல் விழுந்தார்கள்.

தோற்றதில் மூத்தவளுக்கு வருத்தம் இல்லை. கறுத்த புண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல அவள் காது மடல் சிவந்தது.

"கழுவாம மருந்து போட்டுட்டேன்டி," என்றாள். "படிச்ச நர்ஸ் பண்ற வேலையா இது. வேலும் உள்ளேயே குத்திக்கிட்டு நிக்குது."

இளையவள் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு என்பதால் அது முதலில் இருமல் போலத்தான் வந்தது. உன் மேற்பார்வையாளரிடம் சொல்லட்டுமா என்று மிரட்டினாள். எதைக்கொண்டு கழுவுவது என்று மூத்தவள் கேட்க, பைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று இளையவளே வாயால் சொல்லிக்கொண்டு வந்தாள். அருவியில் மொண்ட தோல்பை நீர் ஒன்று இருந்தது. அடுப்பணைக்கத் தவிர எதற்கும் உதவாதது என்று அவள் நினைத்திருந்த நீர். அதன் பெயரை அத்தான் கண்ணாடியை மேலேற்றிப் படித்தார்: ஆற்றுநீர்.

"பாத்தியா," என்றார் அவர். "ஆற்றுன்னா தணின்னும் அர்த்தம், நதியோடதுன்னும் அர்த்தம். எழுதினவன் சும்மா எழுதல. எல்லாத்தையும் ஒரே சொல்லுல முடிஞ்சு வெச்சிருக்கான்."

மூத்தவள் மறுபடி குகைக்குள் நுழைந்தாள். இம்முறை அவள் விரல் பட்டனில் அமர்வதற்கும் அமுங்குவதற்கும் நடுவே ஒரு யுகம் கழிந்தது. ஓடும் நரம்பைத் தொட்டுப் பார்த்து ஒரே குத்தில் ஊசி ஏற்றும் விரல் அது. அவ்வளவு மெதுவாக அமுக்க அதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஒரு காரணம் இருந்தது. அது பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"குடு இங்க," என்று இளையவள் கன்ட்ரோலரைப் பிடுங்கினாள். "நீ அமுக்குற வேகத்துக்கு அவளுக்கு நரை வந்துடும்."

மூத்தவள் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். மேசையை மட்டும் தங்கையின் இடக்கைப் பக்கமாக இழுத்து வைத்தாள். வாள்காரன் கனலியின் தோளிலிருந்து வேலைப் பிடுங்கினான். கனலி அனல் உமிழ்ந்தாள். அது கனலியின் முறை. கன்ட்ரோலர் மடிக்குப் போயிற்று, உள்ளங்கை மேசைமேல் இறங்கியது. தோல் இழுத்தது. இளையவள் கீழுதட்டைக் கடித்தாளே ஒழியக் கையை எடுக்கவில்லை. அடுத்த முறை ஆற்றுநீர். கங்கு நிறம் சற்று வெளுத்தது. அதற்கடுத்து களிம்பு. இம்முறை புண் கறுக்கவில்லை. கனலியின் ஒரு கை வாளைத் தாழ்த்தி, விரல் தளர்த்தி, அதைக் கீழே போட்டது.

அத்தான் நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த கை கதாயுதத்தை ஓங்கி வாள்காரனை அடித்தது. அடி வாங்கிய வாள்காரன், யாரும் ஏவாமலே, திருப்பி அடித்தான். சரியாகப் புண்ணில் விழுந்தது. கீழே கிடந்த வாள் மறுபடி கைக்கு ஏறிற்று. புண் கங்காயிற்று.

"அவனை யாருடி அடிக்கச் சொன்னது?" என்று மூத்தவள் பதறினாள்.

யாரும் சொல்லவில்லை என்றாள் இளையவள். அவன் விரலில் பதிலடி மோதிரம் இருந்தது. யார் தொட்டாலும் தானாகத் திருப்பி அடிக்கும். எரிமலையின் உச்சி வரை ஏறி அவள் வென்று வந்த மோதிரம். அவளிடம் இருந்தவற்றிலேயே பெருமைக்குரியது. சண்டைக்கு நடுவில் அதைக் கழற்ற முடியாது. வெளியே வந்தால்தான் முடியும். அதற்கு ஒரே வழி, பட்டியலின் அடியில் அவள் இதுவரை தொட்டே பார்க்காத ஒரு சொல்: தப்பிச் செல்.

குறி அந்தச் சொல்லின்மேல் நெடுநேரம் நின்றது. தான் சொன்னால் அது நடக்காது என்று மூத்தவளுக்குத் தெரிந்திருந்தது. இளையவள் மூச்சை விட்டாள், அமுக்கினாள். நால்வரும் அருவியைக் கடந்து வெளியே ஓடி வந்தார்கள். அவள் வாள்காரனின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள். பிறகு யாரும் சொல்லாமலே மற்ற மூவரையும் சோதித்து, முள் பதித்த கேடயத்தையும் மாற்றினாள். இதுவும் குத்தும் என்று முணுமுணுத்தாள். அந்த முள்ளை மூத்தவள் கவனிக்கவேயில்லை.

மூன்றாம் முறை உள்ளே போனது சண்டை போலவே இல்லை. அவர்கள் அடி வாங்கினார்கள், கேடயத்துக்குப் பின்னே ஒதுங்கினார்கள், கழுவினார்கள், தடவினார்கள், காத்திருந்தார்கள். கனலியின் முறைகள் நீண்டவை. ஒவ்வொன்றிலும் உள்ளங்கை மேசைமேல் இறங்கியது. முதலில் விரல் நுனிகள் மட்டும் மரத்தைத் தொட்டன. பிறகு கணுக்கள் தாழ்ந்தன. பொழுது சாயச் சாய, வாள் விழுந்தது, கதாயுதம் விழுந்தது, பாசக்கயிறும் ஈட்டியும் மழுவும் விழுந்தன. கடைசிக் கை நெருப்புச் சட்டியை விடாமல் நெடுநேரம் பிடித்திருந்தது. அது தணிந்தபோது கனலி அருவி நீரில் இறங்கி அமர்ந்து, கண்களை மூடிக்கொண்டாள். குகையின் உட்கதவு ஓசையில்லாமல் அகன்றது. வென்றீர் என்று திரை சொல்லிற்று.

அத்தான் இரண்டு வரிகளையும் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இளையவள் உட்கதவுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை. மேசைமேல் தன் கை கிடந்த விதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு விரல் படியல," என்றாள்.

"வியாழன் வரைக்கும் இருக்குல்ல," என்றாள் மூத்தவள். "காட்டுல ஓநாய்ங்க நிறைய இருக்கு. போய் ஒவ்வொண்ணா பாரு."

பார்த்தாள். ஓநாய், பாம்பு, மணல்பூதம் எல்லாவற்றின் முறையிலும் கை மேசையில் இறங்கியது. வியாழக்கிழமை மருத்துவர் அந்தக் கையைத் தன் கையில் ஏந்தி, ஒவ்வொரு விரலையும் நிமிர்த்தி, அளவுகோல் வைத்துப் பார்த்தார். அறுக்க வேண்டாம் என்றார். பயிற்சியை விடாதே, அடுத்த மாதம் இலேசான வேலைக்குப் போகலாம் என்றார். மூத்தவள் 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை.

தாழ்வாரத்தின் கோடியில் எந்தச் சமயத்தாரும் வந்து அமரும் சிறு வழிபாட்டு அறை ஒன்று உண்டு. நாலைந்து நாற்காலிகள், ஒரு சன்னல், மாடத்தில் ஒரு விளக்கு. இளையவள் தானாகவே அதனுள் திரும்பினாள். விளக்கின் முன் நின்று, வலக்கையை உயர்த்தினாள்; இடக்கையை அதனோடு சேர்த்தாள். விரல்நுனி விரல்நுனியைக் கண்டது. உள்ளங்கைகளின் நடுவே மட்டும் சிறு இடைவெளி எஞ்சியது. அவள் அதை வலிந்து மூடவில்லை. அந்த இடைவெளியோடே கண்களை மூடி, உதடு அசையாமல், நெடுநேரம் நின்றாள். அவளுக்குப் பின்னே மூத்தவள், சீருடையின் பொத்தானைக்கூடச் சரிசெய்யாமல், தலை தாழ்த்தி நின்றாள்.

வெளியே வந்தபோது மூத்தவள் தங்கையின் உச்சியில் கை வைத்தாள்.

"கை நிறைய வேலையோட, நல்லா இரும்மா."