மார்பளவுத் தண்ணீர்

தொட்டியின் விளிம்பில் மண்டியிட்டு, முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாள், பிசியோதெரபி பார்ப்பதால் எல்லோரும் பிசியோ என்றே அழைக்கும் பெண். இன்னும் குளிர்ந்தது.

"அண்ணே, இன்னும் ரெண்டு குண்டான் ஊத்தணும்!"

அவள் போட்ட சத்தம் காலியான சபைக் கூடத்தில் மோதி எதிரொலித்து, பின்வாசல் வழியாக முற்றத்துக்குப் போனது. அங்கே சபையின் விருந்துச் சமையல்காரர் மூன்று கேஸ் அடுப்புகளுக்கு நடுவில் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். கல்யாணமோ துக்கமோ, பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறினால் அதன் பின்னால் அவர் நிற்பார். அதனால் எல்லோருக்கும் அவர் குண்டான் அண்ணன்.

"வருது தங்கச்சி, வருது! என் ஆயுசுல வெறுந்தண்ணிய இவ்வளவு அக்கறையா காய்ச்சினதே கிடையாது. உப்புப் பாக்கணுமான்னு மட்டும் சொல்லிடு!"

அவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு நிமிடம் கூடத்தில் இருந்தாள், மறு நிமிடம் முற்றத்தில். படிக்கட்டின் ஓரத்தில் அவள் கணவன் முந்தின நாள் பொருத்திய கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, தன் முழு எடையையும் போட்டு ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. திருப்தியில்லாமல் இன்னொரு முறை ஆட்டினாள்.

அது ஞானஸ்நானத் தொட்டி. மேடைக்கு அடியில் இறங்கும் ஆழமான தொட்டி, உள்ளே நீல ஓடுகள், ஒரு பக்கம் படிகள். வருஷத்தில் இரண்டொரு ஞாயிற்றுக்கிழமை அதில் தண்ணீர் நிரப்புவார்கள். மற்ற நாட்களில் மேலே பலகை போட்டு மூடி, அதன் மேல் பாஸ்டர் நின்று பிரசங்கிப்பார். பிறந்ததிலிருந்து அந்தச் சபையிலேயே வளர்ந்தவர்களுக்குக்கூடக் காலுக்கடியில் அப்படி ஒரு பள்ளம் இருப்பது பாதி நாள் மறந்து போயிருக்கும்.

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது, போன ஞானஸ்நானத்தின்போது ஒரு பெரியம்மாவுக்குக் கைகொடுக்க அவள் தொட்டிக்குள் இறங்கும்வரை. பெரியம்மா பருத்த உடம்புக்காரி. படி இறங்குவதற்குள் பாட்டுக் குழு ஒரே பாட்டை இரண்டு முறை பாடி முடித்துவிட்டது. முழங்கால் அவ்வளவு மோசம். ஆனால் மார்பளவுத் தண்ணீருக்குள் போனதும் பெரியம்மா ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள், பிறகு சின்னப் பெண்ணைப் போல விறுவிறுவென்று நடந்து பாஸ்டரைத் தாண்டியே போய்விட்டாள். "ஏய், முட்டி வலிக்கவே இல்லடி!" என்று மைக்கில் கேட்கும்படி அவள் சொன்னபோது சபையே கொல்லென்று சிரித்தது. பிசியோ மட்டும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் எத்தனையோ பேரின் காலைத் தூக்கி மடக்கி நீட்டுகிறவள் அவள். "இவருக்கு மட்டும் ஒரு குளம் கிடைச்சா" என்று எத்தனை பேரைப் பார்த்து ஏங்கியிருக்கிறாள்! அந்த ஊரில் நீச்சல் குளம் என்று இருந்தது ஒரு பெரிய ஹோட்டலில் மட்டும்தான்; அதன் வாசலில் நிற்கும் காவலாளியைத் தாண்டி அவளுடைய நோயாளிகள் யாரும் போக முடியாது. இப்போது அவளைச் சுற்றியே ஒரு குளம் தளும்பிக்கொண்டிருந்தது. ஆராதனை முடிவதற்குள் அவள் மனசில் பாதித் திட்டம் உருவாகிவிட்டது.

திட்டத்துக்குக் குறுக்கே நின்றது வேறு யாருமல்ல, சொந்த மாமனார். சபையின் மூப்பர் அவர், பாஸ்டருக்கு அடுத்தபடி பொறுப்பானவர். அந்தத் தொட்டியைக் கட்டும்போது கூடவே நின்றவர். இத்தனை வருஷங்களாக ஞானஸ்நானம் எடுக்கிறவர்களின் முதுகைத் தாங்கிப் பாஸ்டரோடு தண்ணீரில் நின்றவர்.

"ஏம்மா, அது பழைய மனுசன் செத்துப் புதுசாப் பிழைக்கிற இடம். கால் பிசகினவனெல்லாம் வந்து முங்குறதுக்கா கட்டினோம்?" என்றார், சபைக் கமிட்டியில் எல்லோர் முன்னாலும்.

"நான் நினைச்சிருக்கிற ஆளும் செத்துப் பிழைச்சவர்தான் மாமா. மூணாவது மாடி சாரத்துலருந்து விழுந்தவரு."

யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சபைக்குப் பின் சந்திலிருக்கும் பெயிண்டர். மூப்பரின் முகம் இன்னும் இறுகியது. காரணம் இருந்தது. அந்தப் பெயிண்டர், விழுவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பனியனோடு கேட்டில் வந்து நின்று, "வாரத்துல ஒரு நாள்தான்யா லீவு, மனுசனத் தூங்க விடுங்க! உங்க சாமிக்குக் காது நல்லாத்தானே கேக்கும்?" என்று ஒலிபெருக்கியை எதிர்த்துக் கத்திவிட்டுப் போனவர். மூப்பர் அன்றிலிருந்து அந்தச் சந்துப் பக்கமே திரும்புவதில்லை.

"ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர். பிரச்சினையைத் தள்ளிப்போட அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அது. பிசியோ தன் கணவனைப் பார்த்தாள். மற்ற இடங்களில் நன்றாகப் பேசக்கூடியவன், அப்பாவின் எதிரில் மட்டும் வாய் மறந்து போகிறவன், கூரை விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான். அவள் விடவில்லை. "மாமா, எலும்பு கூடிடுச்சு. புண் ஆறிடுச்சு. ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன், தாராளமா பண்ணுன்னுட்டாரு. ஆனா கால ஊனினா வலி, வலிக்குப் பயந்து ஊனுறதில்ல, ஊனாததால சதை வத்திட்டே போகுது. இப்படியே விட்டா ஆயுசுக்கும் சக்கர நாற்காலிதான். சந்துக்கு இந்தப் பக்கம் தொட்டி இருக்கு, அந்தப் பக்கம் அவரு இருக்காரு. நடுவுல ஒரு சுவருதான்."

மூப்பர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு, "ஒரே ஒரு நாள். ஏதாவது ஏடாகூடம் ஆச்சு, பலகையப் போட்டு மூடிடுவேன்" என்றார்.

அது போதும் அவளுக்கு. அன்று மாலையே சந்துக்குள் ஓடினாள். பெயிண்டர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மழிக்காத தாடி, மடியில் பிரிக்காத செய்தித்தாள். கையிலிருந்த பழைய பெயிண்ட் கறைகூட மறைந்து, கை வேறு யாருடையதோ போல வெளுத்திருந்தது.

"எனக்குச் சாமியும் வேணாம், சபையும் வேணாம் டாக்டரம்மா."

"டாக்டர் இல்லண்ணே, பிசியோ. சாமி வேணாம்னா சரி. தண்ணி வேணுமா வேணாமா?"

அவர் மடியிலிருந்த செய்தித்தாளைப் பிரிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்த அவர் மனைவி, செருப்பைக் கழற்றாமலேயே நிலைப்படியிலிருந்து சொன்னாள்: "வேணும். எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரணும்னு மட்டும் சொல்லும்மா."

இதோ, அவள் குறித்துக் கொடுத்த சனிக்கிழமை வந்துவிட்டது. கடைசிக் குண்டான் ஆவி பறக்க வந்து கவிழ்ந்தது. பிசியோ மறுபடி முழங்கையை விட்டாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் இதமான சூடு. "போதும்ணே!" என்று அவள் கத்தவும், வாசலில் சக்கர நாற்காலியின் கிறீச்சொலி கேட்கவும் சரியாயிருந்தது.

வேடிக்கை பார்க்க யாரும் வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள். யாரும் வரவில்லைதான், ஆனால் பாட்டுக் குழுவில் பாதிப் பேருக்கு அன்றைக்கென்று பெஞ்சுகளைத் துடைக்கும் ஆசை வந்திருந்தது. மூப்பர் கடைசிக் கதவருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான்கு பேர் பெயிண்டரைப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றி, அதோடு தூக்கி மேடையேற்றி, தொட்டியின் விளிம்பில் இறக்கினார்கள். பிசியோ முன்பே தண்ணீருக்குள் நின்றாள். "கம்பியப் பிடிங்கண்ணே. நல்ல கால முதல்ல வைங்க. நான் இருக்கேன்."

முதல் படி. இரண்டாவது படி. தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் அவர் நின்றுவிட்டார். உதடு வெளுத்துப் போயிற்று. கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார்.

"இல்ல. வேணாம். மேல ஏத்துங்க."

"வலிக்குதாண்ணே?"

"வலி இல்ல. விழுந்துடுவேன். கீழ என்ன இருக்குன்னு தெரியல."

அவள் கையை நீட்டினாள். தன் தோளுயரம்கூட இல்லாத பெண்ணின் கையை அவர் பார்த்த விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. சாரத்தில் கட்டியிருந்த கயிற்றை நம்பியவர் அவர். அது அறுந்துதான் விழுந்தார். வேறு பிடிமானத்தை நம்ப இனி அவர் உடம்பு சம்மதிக்காது. ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள் இரண்டாவது படியிலேயே முடிந்துவிடப் போகிறது. பெஞ்சு துடைத்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

கூடத்தின் கடைசியிலிருந்து காலடிச் சத்தம் வந்தது. மூப்பர். நடந்துகொண்டே ஒரு செருப்பைக் கழற்றினார், நாலு பெஞ்சு தாண்டி இன்னொன்றை. பலகையைப் போடச் சொல்லப் போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் பேண்ட்டுமாக அவர் படியிறங்கி வந்து, பெயிண்டரைத் தாண்டி, அவருக்குக் கீழே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, இப்ப கீழ நான் இருக்கேன். விழுந்தா என் மேலதான் விழணும்."

பெயிண்டர் அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "பெரியவரே, ஏமாத்தி முக்கி எடுத்து என்னைச் சபையில சேத்துர மாட்டீங்களே?" என்றார்.

மூப்பருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேட்டு வர்றவனையே ஆறு மாசம் வகுப்புல உக்கார வச்சு, ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் ஞானஸ்நானம் குடுக்குறேன். உனக்குச் சும்மா தூக்கிக் குடுத்துடுவேனா? ஆசையப் பாரு!"

பெயிண்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் உடம்பு தளர்ந்த அந்த நொடியில் மூப்பரின் ஒரு கை அவர் முதுகுக்குப் பின்னாலும் இன்னொன்று முழங்கைக்கு அடியிலும் போயிருந்தது. எத்தனையோ பயந்த உடம்புகளைத் தாங்கிப் பழகிய கைகள். மூன்றாவது படி, நான்காவது, தொட்டியின் தரை. தண்ணீர் பெயிண்டரின் மார்புக்கு வந்தது.

"என்ன செய்யணும்? நீ சொல்லு" என்றார் மூப்பர், மருமகளைப் பார்த்து. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

"நேரா நிக்க வைங்க மாமா. இழுக்காதீங்க, அவரா வைக்கட்டும். அண்ணே, அடிபட்ட கால ஊனுங்க. தண்ணி உங்க பாரத்த வாங்கிக்கும்."

பெயிண்டர் ஊன்றினார். வலிக்குத் தயாராகிப் பல்லைக் கடித்திருந்தவர், வர வேண்டிய வலி வராததில் குழம்பிப்போய்க் கீழே பார்த்தார். தண்ணீருக்கடியில் அவருடைய இரண்டு கால்களும் நெளிந்து தெரிந்தன. ஒரு அடி. "யப்பா" என்றார். இன்னொரு அடி. "யப்பா, யப்பா!" சமையல்காரர் வாசலில் நின்று தன்னையறியாமல் கைதட்டினார், உடனே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். பெயிண்டரின் மனைவி மேடையின் ஓரமாக, தண்ணீருக்கு வெளியே, கணவனின் அடிக்கு அடி கூடவே நடந்தாள்.

தொட்டி ஒன்றும் பெரிதில்லை. எதிர்ச்சுவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெயிண்டர் மூச்சு வாங்கிக்கொண்டு, தொட்டிக்கு மேலே எழும்பிய மேடைச் சுவரை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஈரக் கையால் அதைத் தடவினார். அவர் முகம் மாறியது. ஜன்னலோர நாற்காலியில் அவள் பார்த்த ஆள் அங்கே இல்லை.

"எவன்யா இந்தச் சுவர அடிச்சது? ரோலர் கோடெல்லாம் அப்படியே தெரியுது! அடியில ஒழுங்கா பட்டி பூசித் தேய்க்கக்கூட இல்ல."

பாட்டுக் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான் அடிச்சேன்" என்றார் மூப்பர்.

அதன் பிறகு எழுந்த சிரிப்பில் பாஸ்டரே தன் அறையிலிருந்து ஓடி வந்தார். பிசியோவின் கணவன் விசிறியைப் பார்க்காமல் நேராக அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். பிசியோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ஈரக் கையால் துடைத்ததில் எது தண்ணீர், எது கண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை. பெயிண்டரும் மூப்பரும் மட்டும் சிரிக்காமல், இரண்டு மேஸ்திரிகளைப் போலச் சுவரைப் பற்றி வாதாடிக்கொண்டே திரும்பி நடந்தார்கள். அப்படியே இன்னொரு முறை. மறுபடியும்.

மேலே ஏறும்போதுதான் சிரமம் தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் இறங்க இறங்க, வாங்கிக்கொண்ட பாரத்தை அது திருப்பிக் கொடுத்தது. கடைசிப் படியில் பெயிண்டரின் கால் பழையபடி துவண்டது, முகமும். அவள் அதை மறைக்கப் பார்க்கவில்லை. "இப்படித்தாண்ணே இருக்கும். தண்ணிக்குள்ள இருந்த கால்தான் நிஜம். அத வெளிய கொண்டு வர நாளாகும். ஆனா கொண்டு வரலாம்."

"மறுபடி எப்ப?" என்றார் அவர், துண்டுக்குள்ளிருந்து.

பிசியோ தொட்டிக்குள் பார்த்தாள். மூப்பர் இன்னும் வெளியே ஏறவில்லை. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருக்களில் யார் சொன்னார்களோ தெரியாது. கதவருகே கைத்தடியோடு ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அவருக்குப் பின்னால் மகளின் தோளைப் பிடித்தபடி பக்கவாதத்தில் ஒரு கை விழுந்த டீச்சர், அவருக்கும் பின்னால் தலைகள். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நிலைப்படியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"மாமா, தண்ணி ஆறுது. வெளிய வாங்க, சளி பிடிச்சிடும்" என்றாள்.

"ஆறினா என்ன? அடுப்ப ஏத்தச் சொல்லு."

முற்றத்தில் சமையல்காரர் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் குப்பென்று கேட்டது. மூப்பர் நகரவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டை காற்று நிரம்பி அவரைச் சுற்றித் தண்ணீரில் உப்பி மிதக்க, மார்பளவுக்கு நின்றபடி, வாசலை நோக்கி ஈரக் கையை நீட்டினார்.

"அடுத்து யாரு? வாங்க, பயப்படாம வாங்க."