கோப்பையோடு வரும் கரண்டி

மணிவண்ணன் கையுறையை எடுத்துப் பையில் வைப்பதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அவர் என் வீட்டுக்காரர். குரும்பலூர் கதிரவன் கால்பந்துக் குழுவின் ரெண்டாம் கோலி, அதாவது கோல்கீப்பர். கல்யாணமான நாளிலிருந்து இந்த வருஷக் கோப்பை வரைக்கும் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். அவரை இறக்குகிறார்கள் என்றால், கோப்பை பைனலுக்கும் மெயின் டீமை அனுப்பவில்லை என்று அர்த்தம்.

"ஏங்க, பைனலுக்குமா நீங்க?"

"சந்தோஷமா கேக்குறியா, துக்கமா கேக்குறியா?"

"துக்கமாத்தான்."

அவர் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் சுட்டது.

கடைவீதியில் தையல்கடை வைத்திருக்கிறேன். குழுவின் பனியன்களுக்கு நம்பர் தைப்பதும் நான்தான். வெளிநாட்டு கிளப்புகள் உள்நாட்டுக் கோப்பைக்குச் சின்னப் பையன்களை அனுப்பிவிட்டு, பெரிய ஆட்டக்காரர்களைப் பொத்திப் பொத்தி வைப்பதைப் போனில் பார்த்துத் திட்டியிருக்கிறேன். அது பணக்கார வியாதி என்று நினைத்தேன். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்து எட்டுக் குழுக்கள் ஆடுகிற கோப்பைக்கு அந்த வியாதி எப்படி வந்தது?

செயலாளர் அறிவரசன் அண்ணனிடம் கேட்டேன். "ஞாயித்துக்கெழமை திருச்சியில லீக் மேட்ச் இருக்கும்மா. அடிபட்டுட்டா என்ன பண்றது?" என்றார். அந்த லீக்கில் நாங்கள் கடைசிக்கு முந்தின இடம். அதைக் காப்பாற்ற இவ்வளவு பாடா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. காரணம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் நானும் வேனில் ஏறினேன்.

மெயின் கோலி முத்தமிழ்செல்வனும் இன்னும் ஐந்தாறு மெயின் ஆட்டக்காரர்களும் பின்சீட்டில் கடலை தின்றுகொண்டு வந்தார்கள். ஆடுவதற்கு இல்லை, வேடிக்கை பார்க்க. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சும்மாவா சொன்னார்கள்? அரியலூர் தாண்டி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, கீழப்பழுவூரில் டீ குடித்து, திருமானூர் போய்ச் சேர்ந்தோம்.

இந்தக் கோப்பைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்த ஊர்தான் அடுத்த வருஷம் போட்டியை நடத்த வேண்டும். வருகிற அத்தனை பேருக்கும் சோறும் போட வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோப்பையோடு சேர்த்து, ஆள் உயரத்துக்கு ஒரு சமையல் கரண்டியும் கொடுப்பார்கள். அதை ஒரு பெருமை என்றே நான் நினைத்திருந்தேன். நாங்கள் ஒருமுறையும் ஜெயித்ததில்லை, அதனால் அந்தக் கரண்டியைத் தொட்டுப் பார்த்ததும் இல்லை.

மைதானத்தில் இறங்கியதும் திகைத்தேன். திருமானூரும் ரெண்டாம் டீமைத்தான் இறக்கியிருந்தது. அவர்களுடைய மெயின் ஆட்டக்காரர்கள் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே நோய் என்றால் ஏதோ இருக்கிறது. இடைவேளையில் சமையல் நடக்கும் இடத்துக்குப் போனேன். மேகலா என்று ஒரு அம்மா அந்தக் கரண்டியால் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா, உங்க மெயின் டீம் ஏன் எறங்கல?"

"நாங்கதான் எறங்க வேணான்னோம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "மூணு வருசமா ஜெயிக்கிறது அவனுங்க. மூணு வருசமா ஆக்கிப் போடுறது நாங்க. இந்த வருசமும் கரண்டி இங்கயே நின்னுச்சுன்னா வூட்டுல ஒருத்தனுக்கும் சோறு கெடையாதுன்னு சொல்லிட்டோம்."

"ஆடுற பசங்களுக்குத் தெரியுமா?"

"அதுங்களுக்கு என்ன தெரியும், பாவம். உசுரக் குடுத்து ஆடுதுங்க."

திரும்பி வரும்போது அறிவரசன் அண்ணன் என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மணிவண்ணா, ரொம்ப விழுந்து அடிபட்டுக்காதப்பா. இதுவரைக்கும் வந்ததே பெருசு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்ள எங்கள் ஊரும் தயாரில்லை. தோற்றால் நிம்மதி. ஜெயித்தால், அடுத்த வருஷம் அந்த அடுப்புக்கு முன்னால் நிற்கப் போகிறவள் நான்தான். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கும் தோற்றால் பரவாயில்லை என்று இருந்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. எங்கள் பையன்கள் ஐந்தையும் அடித்துவிட்டார்கள். அவர்கள் நான்கு அடித்து, கடைசிப் பந்தை வைத்தார்கள். மணிவண்ணன் கோலுக்குள் நின்றபடி என்னைத் தேடினார். முட்டி இரண்டும் தோலுரிந்து சேறாக இருந்தது. அந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இன்றைக்குக் கண்ணாலேயே கேட்டார்.

"புடிங்க," என்று கத்தினேன். "நான் இருக்கேன், புடிங்க."

இடது பக்கம் விழுந்து, விரல் நுனியால் தட்டிவிட்டார்.

எங்கள் பையன்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு அழுகை வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. சமையல் பக்கத்திலிருந்து எங்களைவிடப் பெரிதாகக் கைதட்டல் கேட்டது. அறிவரசன் அண்ணன் முகம்தான் சுண்டிப்போயிருந்தது. கோப்பை மணிவண்ணன் கைக்குப் போனது. மேகலா கரண்டியைக் கழுவி, குங்குமம் வைத்து, நேராக என்னிடம் கொண்டுவந்தார். நல்ல கனம்.

"சரி பரிமளா, ஆனது ஆச்சு," என்றார் அறிவரசன் அண்ணன். "அடுத்த வருசம் நீங்க பொம்பளைங்க எல்லாம் ஒண்ணு சேந்து..."

நான் கரண்டியை முத்தமிழ்செல்வன் கையில் கொடுத்தேன். வாயில் கடலையோடு விழித்தான்.

"லீக்குக்காக இவங்களுக்கு நல்லா ஓய்வு குடுத்திருக்கீங்களே அண்ணே," என்றேன். "சமையலுக்கு மெயின் டீமை எறக்குங்க. ரெண்டாம் டீம் இன்னிக்கு ஆடிட்டு வந்து அசந்துபோய் கெடக்கு."