வெளியே நிற்க ஒரு துணையாள்

விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு படபடப்பு என்று கேட்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் சப்ரியின் தொடர்மாடி வீட்டுக்கு ஏறிப் போய்ப் பார்க்கவேண்டும். வேலைவெட்டியுள்ள வளர்ந்த மனிதர்கள், ஆளுக்கொரு பிளேன்டிக் கோப்பையோடு, செத்தவீட்டுக்கு வந்தவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி இருப்பார்கள். சப்ரி கதை சொல்லுவான். காடு, கோட்டை, பூதம் எல்லாம் அவன் வாயில்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். நினைத்த காரியம் பலித்ததா பிழைத்ததா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். பாத்திரம் செத்தால் செத்ததுதான். அப்படிச் செத்த ஒரு குள்ளனுக்காக இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தவர்கள் இருக்கிறார்கள், சிரிக்காதீர்கள்.

அந்த மேசையில் ஒரு கதிரை காலி. அதில் இருந்து ஆடிவந்த ஸ்ரான்லி மெல்பேர்னுக்குக் குடிபோய்விட்டான். அந்தக் கதிரைதான் ரொஷேலுக்கு வேண்டும்.

எவ்வளவு வேண்டும் என்றால், முதல்நாள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் இதற்கென்றே மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருந்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், முப்பத்து மூன்று வயது, கப்பல் கம்பனியொன்றில் வேலை. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருத்தராய்க் கனடா, லண்டன் என்று கிளம்பி, கடைசியில் உயிர்ச்சிநேகிதி பேர்ணடெற்றும் போன பிறகு, வேலை விட்டு வந்தால் கதைக்க ஒரு காக்கா குருவி கிடையாது. மனுசர் நாலு பேரோடு சேர்ந்து சிரிக்க அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி இந்த மேசை.

ஆனால் அங்கே ஒரு வழக்கம். புதிதாக வருகிறவர் எடுத்த எடுப்பில் கதிரையில் ஏறிவிட முடியாது. ஒரு ஞாயிறு துணையாளாக வரவேண்டும், அதாவது வழியில் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் கூலிப் பாத்திரமாக. ஆட்டம் முடியும்போது, இந்தத் துணையாளை மேற்கொண்டு கூட்டிப்போவதா இல்லையா என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். கூட்டிப்போனால் கதிரை. இல்லையென்றால் பிளேன்டியைக் குடித்துவிட்டு நடையைக் கட்டவேண்டியதுதான்.

அன்றைக்கென்று துணையாட்கள் இரண்டு பேர். மற்றவன் தயாபரன், கட்டாரில் வளர்ந்து படித்து, போன வருடம்தான் கொழும்புக்கு வந்தவன். விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். அவனுடைய வாள்வீரனுக்கு இல்லாத பலம் இல்லை. ரொஷேல் எடுத்தது ஒரு வைத்தியச்சி. தீர்ப்புச் சொல்ல இருந்தவர்களும் இரண்டு பேர்தான்: மந்திரவாதியை ஆட்டும் சுமன், புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி, சிரிப்பைக் காசு கொடுத்து வாங்கவேண்டிய மனிதன்; மற்றது வில்லாளியை ஆட்டும் தாரிகா, நுகேகொடையிலிருந்து வரும் சிங்களப் பெண், தமிழ் நன்றாக விளங்கும், பேச்சுத்தான் அரைகுறை.

தொடக்கமே கோணல். ஓநாய்கள் பாய்ந்தபோது தயாபரன் மூன்றைச் சாய்த்தான். காயப்பட்ட மந்திரவாதிக்கு ரொஷேல் மருந்து கொடுக்க, பகடையில் ஒன்று விழுந்தது, இருப்பதிலேயே மோசமான எண். மருந்து மாறிவிட்டது, மந்திரவாதி வாந்தி எடுக்கிறான் என்று சப்ரி சொல்ல, தாரிகா விழுந்து விழுந்து சிரித்தாள். ரொஷேலுக்குக் காது சுட்டது. அடுத்த உருட்டலில் பதினேழு விழுந்து மந்திரவாதி எழும்பியபோதுதான் மூச்சு வந்தது.

பிறகு பாலம் வந்தது.

பாலத்தடியில் காவல். சப்ரி எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, காவல் தலைவனாகவே மாறிவிட்டான். நேற்றிரவு யாரோ காவற்கூடத்துக்குத் தீ வைத்தார்களாம், மந்திரவாதிமேல் சந்தேகமாம். வேறு நாட்டுக் காவற்காரன் வேறு பாஷைதானே பேசுவான் என்று, பகிடிக்குத்தான், சிங்களத்துக்குத் தாவினான். மந்திரவாதியைக் காட்டி, ரொஷேலைப் பார்த்து, "மெயாவ அந்துனனவத?" என்றான். இந்த ஆளைத் தெரியுமா என்று.

"நே மாத்தயா," என்றாள் ரொஷேல். இல்லை ஐயா, தெரியாது என்று.

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகத் திறந்து சொன்னது. குரல்கூட அவளுடைய குரல் இல்லை, பதினாறு வயதுக் குரல். சப்ரி ஒரு கணம் தடுமாறி, அதே கேள்வியைத் தாரிகாவிடம் கேட்டான். எங்கள் ஆள்தான் என்றாள் அவள், கோபமாக. தயாபரன் மேசையில் தட்டி, தெரியும், எங்கள் ஆட்கள், என்ன செய்யப் போகிறாய் என்றான். சப்ரிக்கு வேறு வழியில்லை. மூன்று பேரையும் பிடித்து உள்ளே போட்டான். தெரியாது என்று சொன்ன வைத்தியச்சி மட்டும் தெருவில் நின்றாள்.

இப்போதுதானே அவனுக்கு மருந்து கொடுத்தாய், எப்படி உனக்கு மனம் வந்தது என்று தாரிகா சிங்களத்தில் கேட்டாள். கதிரை போய்விட்டது என்று ரொஷேலுக்கு விளங்கிவிட்டது.

எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது? யுத்த நேரம், கொட்டாஞ்சேனையில் தமிழரைத் தேடிச் சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் அம்மா படித்துப் படித்துச் சொன்னது அது. யாரைக் காட்டிக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லு, தெரியுமென்றால் உன்னையும் பொலிஸ் ஜீப்பில் ஏற்றுவான், எல்லோரையும் ஏற்றினால் யார் பின்னால் தேடி வருவது? மேல்வீட்டில் வாடகைக்கு இருந்த சிவமணி அண்ணனைச் சந்தியில் வைத்துப் பிடித்தபோது அம்மாவே அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஜீப்புக்குப் பின்னாலேயே ஓட்டோவில் போய், பொலிஸ் வாசலில் சாப்பாட்டுப் பார்சலோடு நாள் முழுக்க நின்று, ஆளைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

சரி, இதோடு நிறுத்தி ஆளைத் தெரிவுசெய்வோம் என்றான் சப்ரி.

"என்ர டேர்ன் இன்னும் முடியல்ல," என்றாள் ரொஷேல். "நான் அந்த வாசலுக்குப் போறன். சாப்பாடு கொண்டு போறன்."

உள்ளே விடக் குறைந்தது பதினைந்து விழவேண்டும் என்றான் சப்ரி. நாலு விழுந்தது. காவற்காரன் துரத்தினான். திரும்ப வருகிறேன் என்றாள். ஒன்பது. சாப்பாட்டைத் தட்டிக் கொட்டினான். திரும்ப வருகிறேன். இரண்டு. ஈட்டிக் காம்பால் அடித்தான், வைத்தியச்சிக்கு உயிர் மட்டும்தான் மிச்சம். இன்னொருமுறை பிழைத்தால் செத்துவிடுவாய், செத்த துணையாளை ஒருவரும் கூட்டிப்போகமுடியாது, ஓடிவிடு என்று சப்ரியே கெஞ்சினான். தயாபரன்கூட வேண்டாம் என்று தலையாட்டினான்.

"நான் போகல்ல," என்று பகடையை எடுத்தாள்.

சுமன் எட்டி அவள் கையைப் பொத்திப் பிடித்தான்.

"காணும், உருட்டாதீங்க," என்றான். பிறகு சப்ரியைப் பார்த்தான். "உள்ளுக்கு இருக்கிறவன் நான். எனக்கு வெளியில ஆர் நிக்கவேணுமெண்டு நான்தான் சொல்லவேணும். எனக்கு இவதான் துணை."

தெரியாது என்று சொன்னவளையா என்று கேட்டாள் தாரிகா.

"ஓம். எங்கட மாமாவைப் பிடிச்ச அண்டைக்கு, கூட இருந்த எல்லாரும் தெரியுமெண்டுதான் சொன்னவை. எல்லாரையும் கொண்டு போயிட்டாங்கள். தேடிப் போக ஒருத்தரும் மிஞ்சேல்ல."

அதைக் கேட்டதும் தாரிகாவின் கோபம் இறங்கிவிட்டது. பிறகு, எனக்கும் ரொஷேல்தான் என்றாள். தயாபரன் எழுந்து எல்லோருக்கும் தண்ணீர் வார்த்துக் கொடுத்தான். ரொஷேலுக்குக் கதிரை கிடைத்துவிட்டது. இவ்வளவு ஆசைப்பட்டதற்குச் சந்தோஷம் வரவேண்டும், அழுகைதான் வந்தது. சுமனின் கை இன்னும் அவள் கைமேல்தான் இருந்தது, அவன் எடுக்கவில்லை.