சுவரொட்டியில் ஏறிய வயது

அராப் சிகிலாய்க்கு வயது எழுபத்தெட்டு. கென்யாவின் நந்திக் குன்றில் தேயிலைச் சரிவை நாள்தோறும் ஏறி இறங்குவார்; தம் மாட்டைத் தாமே கறப்பார்; உள்ளே கரி தேய்த்த சுரைக்குடுக்கையில் புளித்த முர்சிக் பாலை வேளைக்கொரு குவளை குடிப்பார். மனைவியை இழந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. இவ்வளவு ஆரோக்கியத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்னதான் செய்வார்? காதலித்தார்.

ஓய்வுபெற்ற செவிலி தப்கிகென், அறுபது வயதுவரை எந்த ஆணையும் ஒரு பொருட்டாக மதிக்காதவள், அவரை மட்டும் மறுக்கவில்லை.

"பெரியவங்களக் கூட்டிக்கிட்டு வந்து எங்கப்பாகிட்ட கேளுங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்பதென்று முடிவாயிற்று. அதற்குள் நைரோபியிலிருந்து கத்தோனி என்ற பெண் வந்து சேர்ந்தாள். புளித்த பாலைப் புட்டியில் அடைத்து விற்கும் நிறுவனத்தின் விளம்பர அதிகாரி அவள். முதுமையில் குடலைக் காக்கும் நல்ல நுண்ணுயிர்களை நாங்கள் தலைமுறை தலைமுறையாக விழுங்கி வந்திருக்கிறோம் என்பதை அவள்தான் எங்களுக்கு அறிவித்தாள். அதுவரை நாங்கள் பால் குடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

சிகிலாயின் நிமிர்ந்த முதுகைக் கண்டு மகிழ்ந்தவள், வயதைக் கேட்டதும் கேமராவை மூடினாள்.

"நல்ல வயசுதான் ஐயா. ஆனா எழுபத்தெட்டுக்கு யாரு பாட்டில் வாங்குவா? எங்க பெரியப்பா தினம் பீர் குடிச்சிக்கிட்டே எழுபத்தெட்டுல கல்லு மாதிரி இருக்காரு."

சந்தைச் சுவரில் தம் முகத்தைத் தப்கிகென் நின்று பார்ப்பதாகச் சிகிலாய் கற்பனை செய்தார். எங்கள் ஊரில் முதியவர்களின் ஆண்டுக் கணக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தக் கூட்டத்தோடு வாலிபச் சடங்கு முடித்தார் என்பதே கணக்கு. அவர் 'சாவே' என்ற கூட்டம். அதற்குப் பதினைந்து, இருபது ஆண்டு மூத்தது 'சூமோ'.

"நான் சூமோ கூட்டம்மா. நீயே கணக்குப் போட்டுக்கோ."

அவள் கணக்குப் போட்டாள். 'சூமோ கூட்டத்தின் தொண்ணூற்றைந்து வயது வாலிபர்!' என்று சுவரொட்டி சந்தையெங்கும் சிரித்தது.

ஞாயிறன்று இரண்டு பெரியவர்களுடன் சிகிலாய் போனார். தப்கிகெனின் தந்தை அராப் கோகோஸ், சூமோ கூட்டத்தில் உயிரோடிருந்த ஒரே மனிதர், வாசலிலேயே அவரைக் கட்டிக்கொண்டார்.

"டேய் சிகிலாய்! எல்லாரும் போயிட்டாங்க, நான் ஒருத்தன்தான் மிச்சம்னு அழுதுக்கிட்டிருந்தேன். இத்தன நாளா எங்கடா ஒளிஞ்சிருந்தே?"

"இல்லீங்க பெரியவரே, நான் சாவே..."

"பெரியவரா? செருப்பு பிஞ்சிடும்! கூட்டாளியப் பேர் சொல்லிக் கூப்பிடுடா."

"அது விளம்பரத்துக்காகச் சொன்னதுங்க."

"அவ்வளவு பெரிய எழுத்துல யாராச்சும் பொய் போடுவாங்களா? சடங்குக் குடிசையில என் பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டவன் நீதானே? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

உடன் வந்த பெரியவர்கள் இருவரும் கூரையை ஆராயத் தொடங்கினார்கள். மாட்டின் எண்ணிக்கையில் பொய் சொன்னவனை எங்கள் ஊர் மன்னிக்கும்; கூட்டத்தை மாற்றிச் சொன்னவனுக்கு எவரும் பெண் கொடுப்பதில்லை. உண்மையென்று சாதித்தாலோ, ஒரே கூட்டத்துக் கூட்டாளியின் மகள் தனக்கும் மகள், மணக்க முடியாது. தாம் வெளியேற வேண்டிய இரண்டு கதவுகளையும் சிகிலாய் தாமே வண்ண அச்சில் ஒட்டி அடைத்திருந்தார்.

தப்கிகென் குடுக்கையோடு வந்தாள்.

"சந்தையில பார்த்தேன். எனக்கு எழுபத்தெட்டே போதுமாத்தான் இருந்துச்சு. உங்களுக்குத்தான் பத்தல," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். பிறகு ஊர் கேட்க, இரு கைகளாலும் குவளையை நீட்டினாள். "குடிங்க, அப்பா."

சிகிலாய் குடித்தார். நல்ல நுண்ணுயிர்கள் வழக்கம்போல் தம் கடமையைச் செய்ய உள்ளே இறங்கின.

"மிச்சம் வைக்காதடா," என்றார் கோகோஸ். "இவளுக்கும் அறுபதாச்சு. இப்ப அப்பன்னு நாம ரெண்டு பேரு இருக்கோம். நீயும் ஒரு நல்ல மாப்பிள்ளையாப் பாரு. சாவே கூட்டத்துல எவனாச்சும் திடமா இருக்கானா?"

சிகிலாய் உதட்டுக் கரியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒருத்தன் இருந்தான்," என்றார்.